கல்லில் கணக்கு எழுதிய உத்தரமேரூர்

காஞ்சிமாநகரினின்று தென்திசை செல்லும் நெடுஞ்சாலையிலே, திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாடியருளிய திருமாகறலைச் செய்யாற்றங்கரையில் கண்டு வணங்கி, மேலும் சில கல் தொலைவு கடந்து செல்வோர்க்கு நெல்வயல்களின் நடுவே ஓர் ஊர் தோன்றும். கல்வெட்டுகள் அதனை உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என வழங்கும். இந்நாள் மக்கள் உத்திரமேரூர் என்பர். இன்று அது வட்டத் தலைநகராகிய ஒரு பேரூர்; எனினும் சுற்றிலுமுள்ள சிற்றூர் உழவர்கள் விதைக்கும் உரத்திற்கும், பத்திரப் பதிவிற்கும், பிள்ளைகளின் படிப்பிற்கும் வந்து போகும் வேளாண்மை ஊராகவே இருந்து வருகின்றது. புதிதாக வருபவர் கண்ணுக்குக் கடைத்தெருவும் பேருந்து நிலையமுமே முதலில் படும். ஏரியும் கோயில்களும் சற்று உள்ளே தள்ளி அடக்கமாய் நிற்கும்.

நம் திருக்கோயிலின் குடமுழுக்கு மலரில் பிறிதோர் ஊரின் வரலாறு எதற்கு என மெய்யன்பர்கள் வினவக் கூடும். அவ்வினா முறையானதே. விடையைக் கட்டுரையின் இறுதியில் சொல்லுவேன். அதுவரை பொறுத்தருள வேண்டுகின்றேன்.

பல்லவப் பெருவேந்தருள் நந்திவர்ம பல்லவமல்லன் ஆண்ட 8ஆம் நூற்றாண்டில் இவ்வூர் அந்தணர்க்குரிய பிரமதேயமாக அமைக்கப்பெற்றது என்பர். தொண்டைநாட்டுக் காலியூர்க் கோட்டத்தில், ‘தன்கூறு’ எனத் தனித்த நிலை பெற்று விளங்கியது. பல்லவமல்லனுக்குப் பின்வந்த தந்திவர்மனுக்கு வயிரமேகன் என்பதும் ஒரு பெயர். அப்பெயரால் வயிரமேக தடாகம் என்னும் பேரேரி இவ்வூரில் விளங்கிற்று. ஊர் என்று சொல்லத் தொடங்கினால் கோயிலை முதலிற் சொல்லுவது நம் மரபு. இவ்வூரைப் பொறுத்தவரை ஏரியை முதலிற் சொல்லுவதே பொருந்தும் என்பது என் துணிபு. தொண்டைநாட்டில் பாலாறும் செய்யாறும் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. மழை பெய்த சில திங்களில் வந்த நீரைத் தேக்கி வைத்தாலன்றி நெல் விளையாது. ஏரி உடைந்தால் ஊர் உடையும். ஏரி தூர்ந்தால் கோயில் விளக்கும் அணையும். விளக்கிற்கு விட்ட நிலத்தின் விளைவு அவ்வேரி நீரில் அன்றோ இருக்கின்றது?

இதனை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். அறஞ்செய்ய எண்ணியவர் பொன்னை ஊர்ச்சபையாரிடம் ஒப்படைப்பர். சபையார் அப்பொன்னை முதலாக வைத்து, அதன் பொலிசையைக் கொண்டு, ஆண்டுதோறும் ஏரியின் வண்டலை அகற்றி ஆழப்படுத்துவர். பொலிசை என்பது வட்டி. முதல் குறையாது; பொலிசை மட்டும் செலவாகும். சந்திராதித்தவரை, அஃதாவது ஞாயிறும் திங்களும் உள்ளளவும், அவ்வறம் நடைபெற வேண்டும் என எழுதி வைப்பர். கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவனும் ஏரிக்குத் தூர் எடுக்கப் பொன் வைத்தவனும் ஒரே தன்மையான புண்ணியம் தேடியவர்களாகவே கல்லில் இடம் பெற்றனர். இலக்கணம் கற்பிப்பார்க்கு நிலம் விட்டதையும், பாம்புக்கடிக்கு மருந்து செய்வார்க்கு நிலம் விட்டதையும் இவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. நெல்வயலில் இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் உழவனுக்கு விடமருத்துவன் எத்துணை இன்றியமையாதவன் என்பதை வயலுள்ள ஊரில் பிறந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இனி, இவ்வூரைப் புகழ்பெறச் செய்த இரு கல்வெட்டுகளைக் காண்போம். மதுரைகொண்ட கோப்பரகேசரி எனப் பெயர் பெற்ற முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 919இல், ஊர்ச்சபையார் தம் வாரியங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு விதி வகுத்தனர். வாரியம் என்பது இக்காலத்துச் செயற்குழு. ஆண்டுக்கணக்குப் பார்க்கும் சம்வத்சர வாரியம், தோட்டம் பேணும் தோட்ட வாரியம், ஏரியைக் காக்கும் ஏரி வாரியம், பொன்னின் மாற்றுக் காணும் பொன் வாரியம், பஞ்சவார வாரியம் எனப் பல இருந்தன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி ஒருவரை எடுப்பர். ஆதலின் இது குடவோலை எனப்பட்டது.

தகுதி யாது? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாதல் வேண்டும். இக்கால அளவில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகுதி எனலாம். தன் மனையிலே வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். வேதம் ஓதியவனாய், காரியத்தில் வல்லவனாய், நல்வழியில் ஈட்டிய பொருளுடையவனாய், மனத்தூய்மை உடையவனாய் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் ஆதல் கூடாது. ஒருமுறை அமர்ந்தவரே அந்த இருக்கையை விடாது பற்றிக் கொள்ளும் பழக்கம் அக்காலத்தும் உண்டு போலும்! இல்லாத நோய்க்கு எவரும் மருந்து அரைப்பதில்லை.

இவ்விதி வகுத்து ஈராண்டு கழிந்தது. கி.பி. 921இல், அதே வேந்தனின் 14ஆம் ஆட்சியாண்டில், சபையார் மீண்டும் கூடினர். அரசன் ஆணைப்படி சோழநாட்டினின்று வந்த சோமாசிப்பெருமான் என்னும் அலுவலர் உடனிருந்தார். முன்னைய விதி திருத்தப் பெற்றது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாறியது. நிலம் அரைக்கால் வேலியே உடையவனாயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்று விரித்துரைக்க வல்லவனாயின் அவன் பெயரும் குடத்தில் புகலாம் என்றனர். ஊரில் தீயோர் கெட்டு நல்லோர் தழைத்தல் வேண்டும் என்பதே நோக்கம் எனத் தெளிவாகக் கூறினர்.

இத்திருத்தத்தைப் பற்றி அறிஞர் பலர் எழுதியிருக்கின்றனர். கல்வெட்டறிஞர் வெங்கையா அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றைப் படித்து வெளியிட்டார். பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் விரிவாக ஆராய்ந்தார். பின்னாளில் நாகசாமி அவர்கள் இவ்வூருக்கென்றே நூல் செய்தார். அவர்கள் கூறியவற்றின்மேல் எளியேன் சேர்ப்பதற்கு ஒன்றேயுண்டு. முதல் விதி இரண்டாண்டுக்குள் போதாதெனக் கண்டபோது, அதனை அக்கல்லினின்று செதுக்கி அழித்துவிட்டுப் புதியதைப் பொறித்திருக்கலாம். உளியும் கல்தச்சரும் அவ்வூரில் இல்லாமற் போகவில்லை. அவர்கள் அவ்வாறு செய்திலர். பழைய விதியை அப்படியே நிற்கவிட்டுப் புதியதையும் அச்சுவரிலேயே பொறித்தனர். 1,100 ஆண்டுகளாகப் படிப்போர் அனைவரும், இவர்கள் முதலில் இப்படி நினைத்தார்கள், பிறகு இப்படித் திருந்தினார்கள் என்று அறியுமாறு, தம் குறையைத் தாமே ஊரறிய நிறுத்தி வைத்தனர்.

குடவோலை எடுக்கும் முறையை 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு நாடகக் காட்சி போல விரிக்கின்றது. இளையோரும் முதியோரும் அடங்கிய மகாசபை நிறைந்து கூடுகின்றது. அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாது மண்டபத்திற்கு வந்திருத்தல் வேண்டும். அவருள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லா மக்களும் காணுமாறு குடத்தை மேலே தூக்கிப் பிடிக்கின்றார். ஓலையின் உள்ளீடு அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுக்கின்றான். நடுநின்றாராகிய மத்தியத்தர் அதனை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்குகின்றார். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடாதன்றோ! அவர் வாசிக்கின்றார். பின்னர் உள்மண்டபத்திருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிக்கின்றனர். அப்பெயர் எழுதிக் கொள்ளப்படுகின்றது. இவ்வாறு முப்பது குடும்பிற்கும் முப்பதின்மர். அவருள் முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தார், கல்வியிலும் வயதிலும் மூத்தார் பன்னிருவர் சம்வத்சர வாரியம். எஞ்சியவருள் பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். 360 நாள் கழிந்தால் அனைவரும் இறங்குவர்.

இனி, விலக்கப்பட்டவர் பட்டியல். அடாதன செய்தோர், பிறர்பொருள் கவர்ந்தோர், பெரும்பாதகம் புரிந்தோர் எனப் பலரை அது விலக்குகின்றது. ஆயினும் அவருள் முதலில் நிற்பவன் எவன் என்பதே நாம் கருதற்பாலது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன்! அவன் பெயர் இனி எஞ்ஞான்றும் குடத்திற் புகாது. அவன் மட்டுமல்லன். அவன் தந்தை, மக்கள், உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன் என உறவின் கிளைகள் அனைத்தும் விலக்கப்பட்டன. இதனைக் கொடிது என்பாரும் உளர். நானும் இளமையில் அவ்வாறே எண்ணினேன். ஒருவன் செய்த பிழைக்கு மைத்துனன் என் செய்வான்? அகவை ஏறியபின் வேறாகத் தோன்றுகின்றது. பொதுப்பணத்தைக் கையாடுபவன் தனியே உண்பதில்லை. கணக்குக் கேட்கும் நாளில் அவனுக்காக முன்வந்து பேசுவோரும் அவ்வுறவினரே. சபையார் ஊரின் இயல்பை அறிந்து எழுதினர்.

கணக்கெழுதுவாரையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. நேர்மையாய்ப் பொருள் ஈட்டியவரே கணக்கு எழுதுதல் வேண்டும். எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயன் எனப் பெற்ற பின்னரே மற்றொரு கணக்கில் கை வைக்கலாம். ஒருவர் எழுதும் கணக்கில் மற்றொருவர் புகுதல் கூடாது.

இக்கல்வெட்டை எழுதியவர் தம் பெயரையும் பொறித்திருக்கின்றார். மத்தியத்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் என்பது அப்பெயர். காடாடி என்றால் சுடுகாட்டில் ஆடும் பெருமானன்றி வேறு யார்? சிவக்குறி என்றும் வருகின்றது. எழுத்துகள் பொறிக்கப்பட்ட சுவரோ இன்று வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர். சைவப் பெயர் தாங்கிய ஒருவர், ஊர்ச்சபையார் பணிக்க, ஊர்ப்பொதுவின் விதியை எழுதினார். சைவ மடத்தில் பயின்ற எளியேனுக்கு அப்பெயரைக் கல்லில் கண்ட அன்று உள்ளம் நெகிழ்ந்தது. பெருமாள் கோயில் வாயிலில் நின்றுகொண்டு திருவைந்தெழுத்தை ஓதினேன். எவரும் வேறாக நினைத்ததாகத் தெரியவில்லை. அவ்வூரில் கைலாசநாதர் கோயிலும், சுப்பிரமணியர் கோயிலும், மூன்று நிலைகளில் திருமாலின் திருக்கோலங்கள் காட்சி தரும் சுந்தரவரதர் கோயிலும் ஒன்றற்கொன்று அண்மையிலேயே நிற்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் இங்குச் சொல்லுதல் கடன். 1948ஆம் ஆண்டில் இந்திய அரசியல் நிருணய சபையில், கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிய வாதத்தின்போது பிரகாசம் அவர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக் காட்டினார். அரசியற் சட்டத்தின் 40ஆம் பிரிவு பஞ்சாயத்துகளை அமைக்கப் பணித்தது. 1992இல் 73ஆம் திருத்தம் அவற்றிற்கு உறுதி தந்தது. அது முதல் மேடைதோறும் உத்தரமேரூரே மக்களாட்சியின் தாயகம் என முழங்கக் கேட்கின்றோம். முழங்குவோர் கல்வெட்டை ஒருமுறை முழுதும் படித்தல் நலம். குடத்தில் பெயர் புகுவதற்கு உரிமையுடையோர் நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவரே. ஏரியில் வண்டல் சுமந்தவன், நாற்று நட்டவள், குயவன், வண்ணான், பறை முழக்கியவன் ஆகிய எவர் பெயரும் அக்குடத்தில் விழுந்ததில்லை. அவர்கள் உழைப்பினால் ஊர் நின்றது. அவர்கள் சொல் மண்டபத்திற்கு வெளியே நின்றது. இதனை மறைத்துப் பெருமை பேசுதல், தம் குறையைத் தாமே கல்லில் நிறுத்திய அச்சபையாருக்கே ஏலாது. அவர்கள் வகுத்தது எல்லார்க்கும் உரிய ஆட்சியன்று. ஆயினும், பொதுப்பொருளைத் தொட்டவன் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்ற கொள்கையில் அவர்கள் தமக்கெனச் சலுகை ஒன்றும் வைத்துக் கொள்ளவில்லை. அப்பகுதி மட்டும் எக்காலத்தார்க்கும் எக்குலத்தார்க்கும் உரியது.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லலாம். கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழர் தோல்வியுற்றனர். தொண்டைநாடு இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் கைக்குச் சென்றது. இவ்வூர்க் கல்வெட்டுகளில் அவனுடைய கன்னரதேவன் என்ற பெயரும் ஆட்சியாண்டும் வருகின்றன. வேந்தன் மாறினான், சபை கூடுவதும், நிலம் விடுவதும், ஏரி பேணுவதும் நின்றுபோகவில்லை. சோழர் மீண்டபின் ஊர் இராசேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம் எனவும் பெயர் பெற்றது. விசயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றின் பின் குடத்தையும் ஓலையையும் பற்றிய பேச்சு மறைந்தது. கல்வெட்டு மட்டும் பேசாது நின்றது. 1898இல் அரசினர் கல்வெட்டுத் துறையினர் படியெடுக்க வரும்வரை அதன் பொருளை உணர்ந்து சொல்வார் இல்லை.

முதன்முறை எளியேன் அங்குச் சென்றது மடத்தில் பயின்று கொண்டிருந்த நாளில், ஆசிரியரோடு. அவர் கல்லின்மேல் நீரைத் தெளித்து, திருநீற்றை மெல்லத் தடவி, வெண்மை படிந்த எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பித்தார். கருங்கல்லில் பொறித்த எழுத்தின் ஆழம் ஒரு நெல்லின் பருமனளவும் இராது. இதனை நினைவிற் கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன். ஆயிரம் ஆண்டுச் செய்தி அவ்வளவு மெல்லிய பள்ளத்தில் தங்கியிருக்கின்றது.

ஏனெனில், பல ஆண்டுகளின் முன் ஒரு சிவன்கோயில் திருப்பணியில் எளியேனும் குழுவில் ஒருவனாக இருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டா. சுவரிற் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்குதற்கு, காற்றழுத்தத்தால் மணலைப் பீச்சியடிக்கும் பொறியைக் கொணர்ந்தனர். இரண்டே நாளில் சுவர் புதிய கல்லெனப் பளபளத்தது. அன்பர்கள் மகிழ்ந்தனர். நன்கொடையாளர் ஒருவர் தம் பெயரைப் பளிங்கிற் பொறித்து அச்சுவரிலேயே பதிக்க விரும்பினார், பதித்தோம். கருவறையின் வடபுறச் சுவரில் ஏழு வரிகள் இருந்தன, சோழர் எழுத்து. எவரோ ஒரு மாது விளக்கிற்கு ஆடு விட்ட செய்தி எனத் தொடக்கத்தை மட்டும் முன்னமே படித்திருந்தேன். குடமுழுக்கு முடியட்டும், பின்னர் அமைதியாகப் படித்துப் படியெடுப்போம் என்றிருந்தேன். பொறி ஓய்ந்தபின் சென்று தடவிப் பார்த்தபோது விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அம்மாதின் பெயர் யாது, எத்தனை ஆடு, அவள் எவ்வூரினள் என்பதை இனி எவரும் அறியார். அவளும் நம்மைப் போன்ற ஒரு நன்கொடையாளரே. தன் அறம் ஞாயிறும் திங்களும் உள்ளளவும் நிற்கும் என நம்பிக் கொடுத்தவள். அவள் பெயரை அழித்துவிட்டு அவ்விடத்தில் இன்னொருவர் பெயரைப் பதித்தோம். அன்று வாய் திறவாதிருந்த குற்றம் எளியேனுடையது. எழுத்தறிந்தவன் நான் ஒருவனே அக்குழுவில்.

உத்தரமேரூரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் இதுவே. நம் திருக்கோயிலின் அர்த்தமண்டபத் தென்சுவரில் நான்கு வரிகளும், முன்மண்டபப் படியொன்றில் ஒன்றரை வரியும் உள்ளன. திருப்பணி தொடங்கிய நாளில் குழுவினரிடம் இவற்றைக் காட்டி, மேற்சொன்ன என் பிழையையும் மறைக்காது உரைத்தேன். சுவரைத் தண்ணீராலும் மெல்லிய தூரிகையாலுமே தூய்மை செய்வதென முடிவாயிற்று. வண்ணம் அப்பகுதியில் பூசப்படவில்லை. படிக்கல்லைப் பெயர்த்துத் தலைகீழாகப் பதிக்கவிருந்த தச்சர்கள், அதனை எடுத்து எழுத்து தெரியுமாறு திருச்சுற்றில் நிறுத்தியிருக்கின்றனர். நன்கொடையாளர் திருப்பெயர்கள் மடைப்பள்ளியின் புதிய சுவரில், பழைய கல் எதனையும் தொடாத இடத்தில் பொறிக்கப் பெற்றுள்ளன. வரவுசெலவுக் கணக்கு, குடமுழுக்கு நிறைந்த நாற்பத்தெட்டாம் நாள் மண்டல பூசையன்று, அன்பர் அனைவரும் கேட்குமாறு முன்மண்டபத்தில் வாசிக்கப் பெறும். வாசிப்பவர் குழுவினரின் உறவினர் அல்லாத ஒருவராதல் வேண்டும் என்பது மட்டும் எளியேன் செய்துகொண்ட விண்ணப்பம். குழுவினர் சிரித்துக்கொண்டே இசைந்தனர்.